தண்ணி மேடம்

மூளைக்கு வயதாவதைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர்கள் அம்மாவின் ஞாபகத்தைச் சோதிக்க வீட்டுக்கு வருகிறார்கள் என்று தெரிந்ததும், நான் அம்மாவுக்கு டியூஷன் எடுத்தேன். வெளியே சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஆள், வேங்கிக்காலில் சொந்தமாக ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், பெற்ற தாயை நாற்காலியில் உட்கார வைத்து, "இன்னிக்கி இன்னா கெழம? யோசிக்காத, டக்குனு சொல்லு" என்று மிரட்டியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் கடலை உருண்டை. தப்பாகச் சொன்னால் கடலை உருண்டையை நான் தின்றேன். அந்த வாரம் எனக்கு எடை கூடியது.

வினாத்தாள் எனக்கு மட்டும் கிடைத்துவிடவில்லை. எங்கள் நகர் முழுக்கவே அவுட். முதல் நாள் சோதனை நடந்தது பக்கத்து வீட்டு ரிட்டயர்டு தாசில்தாருக்கு. அவர் மனைவி, சோதிக்க வந்த மேடம் தெருமுனை தாண்டுவதற்குள் எதிர்வீட்டில் இருந்தார். "அஞ்சு வார்த்த சொல்லுவாங்க. நடுவுல வேற ஏதேதோ கேட்டுட்டு, திரும்ப அந்த அஞ்சையும் சொல்லச் சொல்லுவாங்க. குடை, வெல்லம், ஏணி, புறா, சாவி. எழுதிக்கோ." சாயங்காலத்துக்குள் பால்காரருக்குக்கூடத் தெரிந்துவிட்டது. காலை நடை போகும் பெரியவர்கள் சிவபுராணத்தை நிறுத்திவிட்டு இதை முணுமுணுக்க ஆரம்பித்தார்கள்.

"யோவ், ஏணிக்கு அப்பால இன்னாய்யா?"

"புறா."

"ஆங். புறா. புறா."

நம் ஊரில் யாராவது பேப்பரும் பேனாவுமாக எதிரில் வந்து உட்கார்ந்து கேள்வி கேட்டால் அது பரீட்சை. பரீட்சை என்றால் பாஸ் ஆகணும். நோய் இருக்கிறதா என்று பார்க்கிற பரீட்சையில் ஏமாற்றிப் பாஸாகி என்ன பயன் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நான் நகர் நலச் சங்கத்தின் செயலாளர் வேறு.

அந்த மேடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. ஆராய்ச்சித் தாளில் எங்கள் யாருடைய பெயரையும் அவர் எழுதியதில்லை, ஆளுக்கு ஒரு நம்பர்தான். அந்த மரியாதையை நானும் திருப்பிச் செய்கிறேன். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆராய்ச்சிக்காக பஸ் ஏறி வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். காட்டன் சேலை, கழுத்தில் அட்டை, தோளில் ஒரு பை. பைக்குள் பிரஷர் பார்க்கிற மெஷின், காது கேட்கிறதா என்று பார்க்கிற மெஷின், தாள்கள். என்ன சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு தூங்குகிறீர்கள், பீடி உண்டா, நடப்பீர்களா, எதுவரை படித்தீர்கள், தலையில் எப்போதாவது அடிபட்டதா, யார் யாரோடு பேசுகிறீர்கள் என்று வரிசையாகக் கேட்பார். ஒரே தெருவில் ஒரே தண்ணீரைக் குடிக்கிற இரண்டு பேரில் ஒருவருக்குக் கடைசிவரை ஞாபகம் நிற்கிறது, இன்னொருவருக்குப் போய்விடுகிறது, ஏன் என்று கண்டுபிடிக்கிறார்களாம்.

தெருவில் அவருக்கு வைத்த பெயர் 'தண்ணி மேடம்'. எந்த வீட்டில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில், "தண்ணி கெடைக்குமா?" என்று கேட்பார். கையில் பாட்டில் நிறையத் தண்ணீர் இருக்கும். இருந்தும் கேட்பார். "இந்த வயசுலயே சுகரு போல, பாவம்" என்று தாசில்தார் மனைவி சொன்னார். நானும் நம்பினேன். கஷாயம் ஒன்றைக்கூட அவருக்கு சிபாரிசு செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சரிங்க சார்" என்றார்.

என் பேச்சை முழுக்கக் கேட்பதுதான் அவரிடம் எனக்கு ஒத்துவராத விஷயம். நான் ஜோக் சொல்லும் ஜாதி. எதிரில் இருப்பவர் சிரிக்கணும், அல்லது 'ஐயோ போதும்' என்று எழுந்து போகணும். இவர் ஜோக்கைக் கடைசிவரை கேட்டுவிட்டு, முடிந்த பிறகும் காத்திருப்பார், இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்பதுபோல. பாக்கி எதுவும் இருக்காது. நான் செருமிக்கொள்வேன்.

செயலாளர் என்பதால் முதல் நாள் தாசில்தார் வீட்டுக்கு நான்தான் அழைத்துப்போனேன்.

"ஐயா, காலைல இன்னா சாப்டீங்க?" என்று மேடம் கேட்டார்.

தாசில்தார் வாயைத் திறந்தார். "இட்லி, தக்காளி சட்னி" என்றார் அவர் மனைவி.

"ஐயா சொல்லட்டும்மா."

"அவரு சொன்னா இன்னா, நான் சொன்னா இன்னா? போட்டதே நான்தானே."

"அதுவும் சரிதான். அம்மா, கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

அந்தம்மா உள்ளே போனார். தாசில்தார் சமையலறைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முன்னால் குனிந்து, "உப்புமா" என்றார். "வந்தவங்ககிட்ட உப்புமானு சொல்லக் கூடாதுன்னு நேத்தே சொல்லி வெச்சிட்டா."

மேடம் 'உப்புமா' என்று எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

இனி எங்கள் வீட்டு விஷயம். நாங்கள் டவுனில் அண்ணாமலையார் கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்து, வேங்கிக்காலில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர்கள். இங்கே எல்லா வீடும் ஒரே மாதிரி, எல்லாத் தெருவும் 'குறுக்குத் தெரு'. குடிவந்த புதிதில் நானே வேறொருத்தர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, "காபி போடு" என்று உள்ளே குரல் கொடுத்திருக்கிறேன். அது ஜோக்காகிவிட்டது. அம்மா ஒரு பிரதோஷத்தன்று கோயிலுக்குப் போனவர் திரும்பி வர வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருந்தார், தெரிந்த ஆட்டோக்காரர் ஒருவர் கூட்டிவந்தார். அது ஜோக்காகவில்லை. அன்றிலிருந்து கேட்டைப் பூட்டினேன். கீரை நான் வாங்கினேன், பூ நான் வாங்கினேன். "நீ உக்காரும்மா, நான் பாத்துக்கறேன்" என்று எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொண்டேன். அம்மா பொங்கல் வைக்கும்போது உப்பு போட்டாச்சா என்று யாராவது கேட்டால்கூட நான்தான் பதில் சொல்வேன்.

அம்பத்தூரில் இருக்கும் தங்கச்சிக்கு இதுவும், சோதனை நடக்கப்போகிற செய்தியும் போனது. "அண்ணா, டெஸ்ட்ல ஏதாவது இருக்குதுன்னு வந்தா அம்மாவ நான் இங்க கூட்டினு வந்துடறேன். மூணாவது மாடி. லிப்ட் இருக்குது, கீழ செக்யூரிட்டி இருக்கான். எங்கயும் போவ முடியாது" என்றாள். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் அம்மா காலையில் எழுந்ததும் சமையலறை ஜன்னலில் மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பார். மூன்றாவது மாடியில் எதைப் பார்த்துக் கும்பிடுவார்? எதிர் பிளாட்டின் ஏசி பெட்டியையா? அம்மாவிடம் கேட்டால் பேச்சை மாற்றினார். அதனால்தான் டியூஷன். அம்மா பாஸானால் இங்கே, பெயிலானால் அம்பத்தூர்.

சோதனை நாள் வந்தது. அம்மாவுக்குப் புதுப்புடவை கட்டி உட்கார வைத்திருந்தேன். மேடம் வந்தார், எதிரில் உட்கார்ந்தார்.

"அம்மா, நான் இப்ப அஞ்சு வார்த்த சொல்..."

"குடை, வெல்லம், ஏணி, புறா, சாவி" என்றார் அம்மா.

மேடம் இன்னும் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். நான் ஃபேனைப் பார்த்தேன்.

"சார், கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

சொம்பில் கொண்டுவந்தேன். மேடம் பையிலிருந்து வேறு தாளை எடுத்து வைத்திருந்தார். "தெருவுல எல்லாரும் இதையேதான் சொல்றாங்க. வேற செட்டு இருக்குது சார்" என்று மட்டும் சொன்னார். தண்ணீரை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "வெந்நீரா இருந்தா நல்லாருக்கும்" என்றார். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த ஊரில் எடுத்துக்கொடுக்கிற வாய் எத்தனை உண்டோ, அத்தனை வாயையும் இவர் சமையலறைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். நான் கஷாயம் சொன்னேனே, கடவுளே.

சமையலறையில் நின்று காதைக் கொடுத்தேன். புது வார்த்தைகள் ஐந்தைச் சொன்னார், முதலாவது 'பாய்'. வேறு ஏதேதோ கேட்டார். பிறகு, "அப்ப சொன்னேன் இல்ல, அந்த வார்த்தைங்கள இப்ப சொல்லுங்கம்மா" என்றார்.

சத்தமே இல்லை. வெந்நீர் கொதிக்கிறது. அம்மா யோசிக்கிறார். மேடம் காத்திருக்கிறார். எனக்கு வாய் பரபரக்கிறது. 'பாய்' என்று கத்தவேண்டும் போல இருக்கிறது. அடுப்பு மேடையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெற்ற தாய் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதை ஒரு பொம்பளை பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாளே என்று கோபம்கூட வந்தது.

"பாய்" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, "எலுமிச்சம்பழம்" என்றார். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. மேடமும் ஒன்றும் தரவில்லை. மீதி மூன்றையும் நான் மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றுதான் வந்தது, அதுவும் புறா. அது பழைய செட்டு.

அடுத்து கேட்டார்: "ஒரு நாளைக்கி யார் யார்கிட்டம்மா பேசுவீங்க?"

"எம்மவன் பேசுவான் கண்ணு. நான் கேட்டுனு இருப்பேன்."

"காதுல நல்லா விழுதா?"

"பாதி விழும். மீதிக்கு தலைய ஆட்டிடுவேன்."

பிறகு காது மெஷினையும் பிரஷர் மெஷினையும் வைத்துப் பார்த்தார். வெந்நீரோடு வந்து நின்ற என்னிடம் மேடம் நீட்டி முழக்கவில்லை. "காது நல்லாவே கம்மியா கேக்குது சார். பிரஷரும் ஜாஸ்தி இருக்குது. ரெண்டையும் இந்த வாரமே டாக்டர்கிட்ட காட்டுங்க."

"அது கெடக்கட்டும் மேடம். மறதி? அம்மாவுக்கு ஒண்ணும் இல்லனு சொல்லிடலாம் இல்ல? வயசானா எல்லாருக்கும் வர்றதுதானே? புது எடம் வேற, அதனாலதானே?"

காத்திருந்தார். நான் முடித்துவிட்டேனா என்று பார்த்தார். "எனக்குத் தெரியாது சார். அதச் சொல்ல வேண்டியது டாக்டரு. காது கேக்காததால எவ்ளோ, மறதியால எவ்ளோன்னு போவப் போவத்தான் தெரியும்."

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எல்லாரும் சொல்கிற பொய்தானே. சொல்லவில்லை.

அந்த வாரமே மேடம் என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தார். என் கடையில் ஜெராக்ஸைவிட விண்ணப்பம் நிரப்புகிற வேலைதான் அதிகம். அன்று ஒரு பெரியவர் பென்ஷன் மனு எழுத வந்திருந்தார். "சம்சாரம் பேரு?" என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் ரேஷன் கார்டைப் பார்த்து நானே எழுதிவிட்டேன். வேகம்தான் என் தொழில்.

"அவரு சொல்ல வந்தாரு சார்" என்றார் மேடம் பின்னாலிருந்து.

பேனாவைக் கீழே வைத்தேன். பெரியவர் பெயரைச் சொன்னார். அதோடு நிற்கவில்லை. அந்தம்மா அடி அண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுண்டல் விற்றது, போன மழைக்கு முன்னால் இறந்துபோனது, சுண்டலில் மாங்காயை எவ்வளவு பொடியாக நறுக்குவார் என்பது, எல்லாம் சொன்னார். பின்னால் வரிசை நீண்டது. ரெண்டு பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். மேடம் நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, ஜெராக்ஸை வாங்கிக்கொண்டு போனார். அன்றைக்கு வியாபாரம் கம்மி.

அம்மாவுக்குக் காது மெஷின் வந்தது. மாட்டிய முதல் நாள் அம்மா சொன்னது: "ஏன்டா இப்டி கத்தற?" பிரஷருக்கு மாத்திரையும் வந்தது. மறதிக்குப் பெரிய டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, ஆரம்பம் மாதிரி இருக்கலாம், ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம், அதுவரை நடக்கட்டும், நாலு பேரோடு பேசட்டும், வீட்டு வேலையைப் பிடுங்காதீர்கள் என்றார். பிடுங்குவது யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் நான்தான் பதில் சொல்லியிருப்பேன்.

இரண்டாவது தடவை மேடம் வந்தபோது, வேலை முடிந்து கிளம்புகிற நேரத்தில், "நான் போயி கீரை வாங்கினு வரேன்" என்று அம்மா பையை எடுத்தார். நான் கேட் சாவியைக் கெட்டியாகப் பிடித்தேன்.

"நானும் பஸ்ஸுக்கு அந்தப் பக்கம்தான் சார் போறேன். அவங்க முன்னாடி போவட்டும். நாம பின்னால போலாம்" என்றார் மேடம்.

கேட்டைத் திறந்தேன். அம்மா நடந்தார். நாங்கள் தள்ளி நடந்தோம். இரண்டாவது குறுக்குத் தெரு முனையில் அம்மா நின்றுவிட்டார். இடதுபக்கம் பார்த்தார், வலதுபக்கம் பார்த்தார். மலை எங்கே இருக்கிறது என்று தேடுகிறார் என்று தெரிந்தது. புதிதாக எழும்பிய மாடி ஒன்று மலையை மறைத்துக்கொண்டிருந்தது. இடது! இடதுபக்கம்! நான் வாயைத் திறந்தேன்.

"சார், தண்ணி குடிங்க" என்று மேடம் தன் பாட்டிலை நீட்டினார்.

வாங்கி வாயில் ஊற்றிக்கொண்டேன். வாய் நிறையத் தண்ணீரோடு நின்றேன். அம்மா வலதுபக்கம் திரும்பினார். தப்பு. நீல கேட் போட்ட வீட்டு வாசலில் ஒரு பெண் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அங்கே போய் நின்று, "யம்மா, கீரக்காரம்மா கடை எந்தாண்ட?" என்று கேட்டார். அந்தப் பெண் கையைக் காட்டினார். அம்மா உடனே நகரவில்லை. உனக்கு எந்த ஊரு, எத்தினி பசங்க என்று விசாரித்தார். அப்புறம் திரும்பி எங்களைக் கடந்தே போனார், எங்களைக் கண்டுகொள்ளாமல். கொஞ்ச நேரத்தில் முளைக்கீரைக் கட்டோடு வந்தார்.

தண்ணீரை விழுங்கிவிட்டு, "வழிய மறந்துட்டாங்களே மேடம்" என்றேன்.

"மறந்தாங்க. கேட்டாங்க. ரெண்டயும்தான் சார் எழுதிக்கணும்."

அம்மாவுக்கு வழி கேட்கத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. கேட்கிற நிலைமைக்கு நான் விட்டதில்லை.

பஸ் ஸ்டாப் வரை போய் வழியனுப்பினேன். அப்போதுதான் எனக்கு அந்தக் கேள்வி தோன்றியது. "இந்த வேலைக்கு ஏன் மேடம் வந்தீங்க? உங்க வீட்ல யாருக்காவது மறதி இருந்துச்சா?"

அவர் யோசித்தார். சொல்லத்தான் போகிறார் என்று முகம் சொன்னது. நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்பாவுக்கா? அம்மாவுக்கா? மாமியாருக்கா? இல்ல சும்மா வேலை கெடச்சிதேன்னா?" என்றேன். அதற்குள் பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டு கையை ஆட்டினார். நான் கொடுத்த விடைகளில் எது சரி என்று இன்றுவரை தெரியாது. ஆராய்ச்சி வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது, அவரும் அதோடு போனார்.

போன மாதம் தங்கச்சி வந்தாள். டாக்டர் சீட்டைப் படித்தாள், அழுதாள், பெட்டியில் அம்மாவின் புடவைகளை அடுக்க ஆரம்பித்தாள். பிறகு அம்மா எதிரில் உட்கார்ந்து, "அம்மா, எங்கூட வந்துடறியா?" என்று கேட்டாள்.

அம்மா அவளைப் பார்த்தார். காது மெஷினைச் சரிசெய்துகொண்டார். என்னைப் பார்த்தார். வழக்கமாக அந்த இடத்தில்தான் நான் உள்ளே புகுவேன். லிப்ட், செக்யூரிட்டி, ஏசி பெட்டி என்று என்னிடம் நாலு ஜோக் தயாராக இருந்தது. அம்மா வருகிறேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்கிற பயமும் இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன். கேஸ்காரர் வந்து மணியடித்தார், நான் எழுந்திருக்கவில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். அம்மா யோசித்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கு எல்லாம் மறந்து போச்சின்னா, அப்பால எங்க வேணா இட்டுனு போங்க. அப்ப எனக்கு எல்லா எடமும் ஒண்ணுதான்" என்றார் கடைசியில். "இப்ப ஞாபகம் இருக்குது. இப்ப நான் இங்கதான் இருப்பேன்."

தங்கச்சி புடவைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பீரோவில் வைத்தாள். மறுநாள் பஸ் ஏறிப் போனாள்.

அவளை அனுப்பிவிட்டு வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். முந்தின நாள் நான் நடந்துகொண்ட விதத்தை அம்மா கவனித்திருப்பார், ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே சொன்னார்:

"நேத்து நீ வாய மூடினு உக்காந்திருந்த பாரு, அப்பதான்டா எனக்கு பயமா போச்சி. மறதி உனக்கு வந்துடுச்சோன்னு."